கட்டளை போனது, ரிலே திறந்ததா? வீட்டு மைக்ரோகிரிட் இணைப்புப் பெட்டியில் பழுதைக் கண்டறியும் விதம்

கோலாலம்பூரில் பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை ஏறக்குறைய அன்றாட நிகழ்வு. செந்தூலிலோ கெப்போங்கிலோ ஒரு டெரஸ் வீட்டு வரிசையில் விளக்கு ஒரு கணம் மினுங்கி, அணைந்து, மறுபடி எரியும். கூரையில் சோலாரும் கார் போர்ச் சுவரில் பேட்டரியும் வைத்திருக்கும் வீட்டில் அந்த ஒரு கணத்துக்குள் ஒரு பெரிய வேலை நடந்திருக்கும். மின் விநியோக நிறுவனமான தெனாகா நேஷனலின் கம்பியிலிருந்து வீடு தன்னைக் கழற்றிக்கொண்டு, சொந்த பேட்டரியில் ஓடி, கம்பியில் மின்சாரம் நிலைத்ததும் மறுபடி போய்ச் சேர்ந்திருக்கும். இப்படிப் பிரிந்தும் தானே ஓடக்கூடிய வீடுதான் மைக்ரோகிரிட். பிரிவதையும் சேர்வதையும் செய்வது, மீட்டருக்கும் வீட்டின் மின்பகிர்வுப் பெட்டியான டிபி பாக்ஸுக்கும் இடையில் உட்கார்ந்திருக்கும் இணைப்புப் பெட்டி. அதற்குள் உழைப்பவை நான்கைந்து ரிலேக்கள், அதாவது காயிலில் கரண்ட் பாய்ந்ததும் காந்தம் இழுத்துத் தொடுமுனைகளைச் சேர்க்கும் சுவிட்சுகள்.

மிஞ்சும் சோலார் மின்சாரத்தைத் தெனாகாவுக்குக் கொடுத்துக் கணக்கில் கழித்துக்கொள்ளும் நெட் மீட்டரிங் திட்டம் 2016 நவம்பரில் தொடங்கிய காலத்தில் பெரும்பாலான வீடுகளில் சோலார் மட்டும்தான் இருந்தது. கரண்ட் போனால், நேர்மின்சாரத்தை வீட்டுக்கான மாறுமின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். பிரிந்து சேரும் வேலை வீட்டுக்குக் கிடையாது. பேட்டரி வந்த பிறகு ஒவ்வொரு இடிமழையும் ரிலேக்கு ஒரு தேர்வாகிவிட்டது. ஒரே மாலையில் மூன்று முறை மின்சாரம் மினுங்கினால் ரிலே ஆறு முறை அசைய வேண்டும்.

பெட்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு அட்டை, ரிலேக்குத் "திற" என்று கட்டளை அனுப்புகிறது. கட்டளை போனது என்பதும் தொடுமுனைகள் பிரிந்தன என்பதும் ஒன்றல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணி எழுதப்பட்ட மென்பொருள்தான் இந்தத் துறையில் மிகவும் ஆபத்தான மென்பொருள். தொடுமுனை ஒட்டிக்கொண்டிருக்க, வீடு தனியாகிவிட்டது என்று நம்பி இன்வெர்ட்டர் 230 வோல்ட்டைக் கொடுத்தால், அது தெருக் கம்பிக்குப் போகும். அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மரின் தாழ்வழுத்தப் பக்கம் நுழைந்து மறுபக்கத்தில் 11,000 வோல்ட்டாக எழும்பக்கூடும். தெருவில் மற்ற வீடுகள் இணைந்திருந்தால் அந்தச் சுமை தாங்காமல் இன்வெர்ட்டர் விழுந்துவிடும். ஆனால் மரம் சாய்ந்து கம்பி வீட்டுக்குப் பக்கத்திலேயே அறுந்திருந்தால் சுமை ஏதும் இருக்காது, மின்னழுத்தம் நிற்கும். அறுந்த கம்பியைச் சரிசெய்ய வருகிறவருடைய கைக்கு எதிரே அது காத்திருக்கும்.

தொடுமுனை ஏன் ஒட்டுகிறது

ரிலே திறக்கும்போதுதான் ஒட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் மூடும்போதுதான் ஒட்டுகிறது. இரண்டு வெள்ளி முனைகள் மோதும்போது ஒரு முறையில் அடங்குவதில்லை. ஒன்று முதல் மூன்று மில்லிவிநாடி வரை துள்ளும். ஒவ்வொரு துள்ளலிலும் சின்ன தீப்பொறி. அந்த நேரத்தில் வீட்டிலுள்ள ஏர்கான்கள், எல்இடி விளக்குகள், இன்வெர்ட்டர் வடிகட்டிகள் எல்லாவற்றின் மின்தேக்கிகளும் ஒரே சமயத்தில் கரண்டை உறிஞ்சும். உருகிய வெள்ளித் துளி இரண்டு முனைக்கும் நடுவே அகப்பட்டு, துள்ளல் அடங்கியதும் குளிர்ந்து பற்றாசு வைத்ததுபோல் இறுகிவிடும்.

இரண்டாவது வழி ஷார்ட் சர்க்யூட். சில ஆயிரம் ஆம்பியர் பாயும்போது அந்தக் கரண்டின் காந்த விசையே தொடுமுனைகளைத் தள்ளிப் பிரிக்கும். எம்சிபி (அதிகக் கரண்ட் வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆவதற்குள் முனைகள் உயர்ந்து, வில்தீ பற்றி, கரண்ட் நின்றதும் உருகிய பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒட்டும். வீட்டில் எங்கோ ஒரு ஷார்ட் நடந்து, எம்சிபியை மறுபடி தூக்கிவிட்டதும் எல்லாம் நன்றாக ஓடுகிறது என்றால், இணைப்புப் பெட்டியின் ரிலேயைச் சோதிக்காமல் விடக்கூடாது. வெள்ளி-நிக்கல் முனையைவிட வெள்ளி-டின் ஆக்சைடு முனை இந்த ஒட்டலை நன்றாகத் தாங்கும்; ரிலே மாற்றும்போது ஆம்பியரை மட்டும் பார்த்து வாங்கினால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

மூன்றாவது காரணம் அட்டையிலேயே இருக்கிறது. ரிலே காயிலுக்குக் குறுக்கே வெறும் டயோடு ஒன்றைப் போட்டால் டிரான்சிஸ்டர் பிழைக்கும், ஆனால் காயிலின் காந்தம் மெதுவாகச் சாகும். விடுபடும் நேரம் பல மடங்கு நீளும், முனைகள் தயங்கித் தயங்கிப் பிரியும். லேசான ஒட்டலை உடைப்பது அந்தப் பிரிவின் வேகம்தான். டயோடோடு ஒரு ஜெனர் டயோடைத் தொடராகச் சேர்த்தால் காந்தம் சட்டென்று விழும், வேகம் திரும்பக் கிடைக்கும். சில சென் விலையுள்ள பாகம் அது.

மூடாமலே போவதும் உண்டு. காயில் அறுந்திருக்கும், முனையில் கருமை படிந்திருக்கும், அல்லது எறும்பு உள்ளே புகுந்து நசுங்கியிருக்கும். மலேசியச் சூழலில் எறும்பையும் பல்லியையும் சிரிப்புக்குரிய காரணமாக ஒதுக்க முடியாது. கேபிள் கிளாண்டை இறுக்காமல் விட்ட பெட்டிகளில் இவை வழக்கமான விருந்தாளிகள். வெயிலும் சேர்ந்துகொள்ளும். மேற்குப் பார்த்த சுவரில் பெட்டிக்குள் காயிலின் வெப்பம் 80 டிகிரியைத் தொடலாம். செம்பின் தடை டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 விழுக்காடு கூடும். 20 டிகிரியில் 9 வோல்ட்டில் இழுக்கும் 12 வோல்ட் ரிலேக்கு 80 டிகிரியில் 11.1 வோல்ட் தேவைப்படும். மின்வழங்கி 10.8க்கு இறங்கியிருந்தால் ரிலே இழுக்காது. காலையில் ஓடுகிறது, மாலையில் ஓடவில்லை என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால்

ரிலேயின் இருபுறமும் மின்னழுத்தத்தை அளந்தால் போதாதா? போதாது. இந்தத் துறையின் முழுச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது.

ரிலே மூடியிருந்தால் இருபுறமும் ஒரே மின்னழுத்தம், வித்தியாசம் பூஜ்யம். ரிலே திறந்திருந்து, இன்வெர்ட்டர் கிரிட்டோடு, அதாவது தெனாகாவின் மின்வலையோடு, சரியாக ஒத்திசைந்து ஓடினாலும் வித்தியாசம் பூஜ்யம்தான். கிரிட் செத்து, இன்வெர்ட்டரும் இன்னும் தொடங்காத நிலையில் இருபுறமும் ஒன்றுமில்லை, அப்போதும் பூஜ்யம். மூன்று நிலைக்கும் மீட்டர் ஒரே பதிலைத்தான் சொல்லும். ஆகவே பழுதைக் கண்டறிய வேண்டுமானால் இரண்டு பக்கத்துக்கும் இடையில் ஒரு வித்தியாசத்தை வேண்டுமென்றே உண்டாக்க வேண்டும். உண்டாக்கியதும் அது நிற்கிறதா, அழிகிறதா என்று பார்க்க வேண்டும். நிற்கிறது என்றால் ரிலே திறந்திருக்கிறது. அழிகிறது என்றால் மூடியிருக்கிறது, அல்லது ஒட்டியிருக்கிறது. கீழே வரும் முறைகள் எல்லாம் இந்த ஒன்றின் வெவ்வேறு உருவங்கள்.

கிரிட் உயிரோடு இருக்க, வீடு பேட்டரியில் தனியாக ஓடும் நேரம் மிக நல்ல வாய்ப்பு. இன்வெர்ட்டரின் அதிர்வெண்ணை 50.1 ஹெர்ட்ஸுக்கு நகர்த்துங்கள். கிரிட் 50.0இல் இருந்தால் இரண்டு அலைகளும் மெல்ல விலகி, 10 விநாடிக்கு ஒரு முறை சுற்றி வரும். தொடுமுனைக்குக் குறுக்கே உள்ள மின்னழுத்தம் பூஜ்யத்திலிருந்து ஏறி, எதிர்நிலையில் 460 வோல்ட்டைத் தொட்டு, மறுபடி இறங்கும். ஒரு முழுச் சுற்றில் அது இப்படி ஏறி இறங்கினால் அந்த முனை உண்மையிலேயே திறந்திருக்கிறது. ஒட்டியிருந்தால் வித்தியாசம் ஏறவே ஏறாது. இன்வெர்ட்டர் கிரிட்டோடு மல்லுக்கட்டும், கரண்ட் ஏறும். அதனால் இந்தச் சோதனையை இன்வெர்ட்டரின் கரண்ட் வரம்பைக் குறைத்து வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

கிரிட் செத்திருக்கும்போது வழி வேறு. இன்வெர்ட்டர் நேராக 230 வோல்ட்டுக்குப் போகாமல் முதலில் 20, 30 வோல்ட்டில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் கிரிட் பக்கச் சென்சார் பின்தொடர்ந்து ஏறினால் ரிலே ஒட்டியிருக்கிறது. பல நேரம் கிரிட் பக்கம் ஏறாது, ஏனென்றால் தெருவே சுமையாக நின்று அழுத்தத்தை விழுங்கிவிடும். அப்போது இன்வெர்ட்டரின் கரண்ட் அளவு காட்டிக்கொடுக்கும்: வீட்டுச் சுமைக்கு 30 வோல்ட்டில் ஒன்றிரண்டு ஆம்பியர் போதும் என்ற இடத்தில் வரம்பை முட்டிக்கொண்டு நின்றால், மின்சாரம் வெளியே ஓடுகிறது. அழுத்தம், கரண்ட் இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஒன்றை மட்டும் நம்பும் பெட்டிகள் இந்த இடத்தில்தான் தவறுகின்றன.

விளக்கு மினுங்காமல் மாறும் அமைப்புகளில் இந்த 30 வோல்ட் நிறுத்தத்துக்கு நேரம் இருக்காது. அங்கே கிரிட் பக்க கரண்ட் சென்சார் ஒரு சுழற்சிக்குள், அதாவது 20 மில்லிவிநாடிக்குள், பூஜ்யத்துக்கு விழுந்ததா என்று பார்க்க வேண்டும். விழாவிட்டால் வீடு இருட்டானாலும் பரவாயில்லை என்று இன்வெர்ட்டரை நிறுத்த வேண்டும். நிறுவுகிறவர்கள் இதை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பாதுகாப்புக்காக நின்ற பெட்டியைக் கெட்டுப்போன பெட்டி என்று நினைத்து, மீட்டரைத் தாண்டி நேர் இணைப்புக் கொடுக்கச் சொல்கிறவர்கள் உண்டு.

தொடராக இரண்டு, நடுவில் ஒரு சாட்சி

இன்வெர்ட்டர் பாதுகாப்புக்கான ஐஇசி 62109-2 தரநிலை, ஒரு பழுது நேர்ந்தாலும் கிரிட்டிலிருந்து பிரியும் திறன் போகக்கூடாது என்கிறது. அதனால் ஒவ்வொரு கம்பியிலும் இரண்டு ரிலேக்கள் தொடராக வரும். ஒன்று ஒட்டினாலும் மற்றொன்று திறக்கும். ஆனால் முதல் ரிலே ஒட்டியதைக் கண்டுபிடிக்காமல் மாதக்கணக்கில் ஓடவிட்டால், இரண்டாவது ரிலே இருப்பதன் பயன் போய்விடுகிறது. இரண்டாவதும் ஒட்டும் நாளில்தான் விஷயம் தெரியவரும். ஆகவே இரண்டையும் தனித்தனியே சோதிக்க நடுப்புள்ளியில் ஒரு சென்சார் வேண்டும்.

கிரிட் பக்க ரிலேயை முதலாவது என்றும் வீட்டுப் பக்க ரிலேயை இரண்டாவது என்றும் வைத்துக்கொள்வோம். கிரிட் உயிரோடு, இன்வெர்ட்டர் நின்றிருக்கும் நிலையில் இரண்டையும் திறந்து நடுப்புள்ளியைப் பாருங்கள். அழுத்தம் இருந்தால் முதலாவது ஒட்டியிருக்கிறது. இல்லையென்றால் முதலாவதை மட்டும் மூடுங்கள். நடுப்புள்ளியில் அழுத்தம் வர வேண்டும். வராவிட்டால் முதலாவது மூடவில்லை. வந்தபின் வீட்டுப் பக்கத்திலும் அழுத்தம் தெரிந்தால் இரண்டாவது ஒட்டியிருக்கிறது. கடைசியாக இரண்டாவதையும் மூடி, வீட்டுப் பக்கம் உயிர் பெறுகிறதா என்று பார்த்தால் முடிந்தது. முழுச் சோதனைக்கும் ஒரு விநாடிகூட ஆகாது.

காகிதத்தில் இவ்வளவு எளிதாக இருப்பது பலகையில் அடிக்கடி பொய்த்துப்போவதற்குக் காரணம் பேய் அழுத்தம். திறந்த முனைக்குக் குறுக்கே வடிகட்டி, சென்சார், கேபிள் எல்லாம் சேர்ந்து 4.7 நானோஃபாரட் கொள்ளளவு இருக்கிறது என்று வையுங்கள். 50 ஹெர்ட்ஸில் அதன் எதிர்ப்பு சுமார் 677 கிலோ ஓம். நடுப்புள்ளிச் சென்சாரின் தடை 1 மெகா ஓம் என்றால், முனை நன்றாகத் திறந்திருந்தாலும் அங்கே 190 வோல்ட் தெரியும்! பெட்டி "ஒட்டிவிட்டது" என்று அலறும். சோதனை நேரத்தில் மட்டும் 47 கிலோ ஓம் தடை ஒன்றை நடுப்புள்ளிக்கும் நியூட்ரலுக்கும் இடையில் சேர்த்தால் அந்தப் பேய் சுமார் 15 வோல்ட்டுக்கு அடங்கிவிடும். உண்மையான ஒட்டல் அதே தடையின் குறுக்கே முழு 230 வோல்ட்டைக் காட்டும், ஒரு வாட்டுக்குச் சற்று அதிகமாகச் சூடாக்கும். அதனால்தான் அதை நிரந்தரமாக விடாமல் சோதனைக்கு மட்டும் சேர்க்கிறோம்.

முடிவெடுக்கும் எல்லைக்கோடு ஒன்றாக இருக்கக்கூடாது. வித்தியாசம் 5 வோல்ட்டுக்குக் கீழே என்றால் மூடியது, 30க்கு மேலே என்றால் திறந்தது, நடுவில் இருந்தால் இன்னும் தெரியவில்லை என்று வைத்து, மூன்று சுழற்சி தொடர்ந்து ஒரே பதில் வந்தால் மட்டும் ஏற்பது நல்ல வழக்கம். எல்லைகளைக் கிரிட்டின் பெயரளவு மின்னழுத்தத்தின் விழுக்காடாக வைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மலேசியாவில் 2008 ஜனவரியிலிருந்து பெயரளவு 230 வோல்ட், ஏற்றம் 10 விழுக்காடு, இறக்கம் 6 விழுக்காடு. 240ஐ அடிப்படையாகக் கொண்டு எழுதிய பழைய அமைப்புகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

நியூட்ரல், அதன் எர்த் ரிலே

கட்டக் கம்பியை (உயிர்க் கம்பியை) சோதிக்கும் அளவுக்கு யாரும் நியூட்ரலைச் சோதிப்பதில்லை. நியூட்ரல் எப்போதும் எர்த்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் முனை திறந்தாலும் மூடினாலும் இருபுறமும் பூஜ்யம்போலவே தெரியும். ஆபத்தோ அங்கேதான் அதிகம்.

மூன்று கட்ட இணைப்பு உள்ள வீட்டில் நியூட்ரல் முனை மட்டும் தொடாமல் போனால் என்ன ஆகும்? ஒரு கட்டத்தில் 2,000 வாட் கெட்டில், இன்னொன்றில் 100 வாட் தொலைக்காட்சி, மூன்றாவதில் ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்வோம். நியூட்ரல் இல்லாதபோது இந்த இரண்டும் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடராக நின்றுவிடும். கெட்டிலின் தடை 26 ஓம், தொலைக்காட்சியைத் தடையாக எண்ணினால் 529 ஓம்; தொலைக்காட்சிக்கு 381 வோல்ட் போகும். அதனால்தான் மூடும்போது நியூட்ரல் முதலிலும் திறக்கும்போது நியூட்ரல் கடைசியிலும் வர வேண்டும் என்ற விதி. நியூட்ரல் மூடியது என்று அளந்து உறுதியான பிறகே கட்ட ரிலேக்களுக்குக் கட்டளை போக வேண்டும். 50 மில்லிவிநாடி காத்திருந்தால் போதும் என்று நேரத்தை நம்பி எழுதுவது தவறு.

நியூட்ரல் முனையை அளக்க, 50 ஹெர்ட்ஸில் இல்லாத ஒரு சின்னச் சைகையை அதன் வழியாக அனுப்பிப் பார்ப்பது நம்பகமான வழி. கிலோ ஹெர்ட்ஸ் அளவில் சில மில்லி ஆம்பியர் போதும். கிரிட்டின் அலை என்னவாக இருந்தாலும் இந்தச் சைகை தனியே தெரியும். வித்தியாசத்தை உண்டாக்குவது என்று முன்பு சொன்னதன் இன்னொரு வடிவம் இது.

அடுத்தது எர்த் ரிலே. நம் வீடுகளில் எர்த் ராடு தனியே வீட்டில் இருக்கிறது. நியூட்ரல் எர்த்தோடு சேருவது தெனாகாவின் துணைமின் நிலையத்தில். வீடு இரண்டு கம்பியையும் திறந்து தனியாகும் நொடியில் அந்தச் சேர்க்கை அறுந்துவிடும். பிறகு கம்பி எர்த்தைத் தொட்டாலும் கசிவுக் கரண்ட் திரும்பி வர வழியில்லை. கசிவைக் கண்டு துண்டிக்கும் 100 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தும் ட்ரிப் ஆகாது. முதல் கசிவு யாருக்கும் தெரியாமல் நின்றுவிடும், இரண்டாவது கசிவு ஆளை அடிக்கும். ஆகவே தனிநிலையில் பெட்டி தானே ஒரு ரிலே மூலம் நியூட்ரலை எர்த்தோடு சேர்க்கிறது, ஆர்சிசிபிக்கு முன்னால்.

இந்த ரிலே மூடாவிட்டால் வீட்டில் கசிவுப் பாதுகாப்பு இல்லை. விளக்கு எரிவதால் யாரும் கவனிக்கமாட்டார்கள். ஒட்டிக்கொண்ட நிலையில் வீடு கிரிட்டோடு சேர்ந்தால், நியூட்ரல் கரண்டின் ஒரு பங்கு எர்த் ராடு வழியே ஓடும். நியூட்ரலில் 3 வோல்ட் இறக்கமும் ராடு வளையத்தில் 12 ஓமும் இருந்தால் கால் ஆம்பியர். பெட்டிக்கு முன்னால் ஆர்சிசிபி இருந்தால் காரணம் தெரியாமல் ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கும். பின்னால் மட்டும் இருந்தால் யாருக்கும் தெரியாது. எல்லாவற்றிலும் மோசமானது, முதன்மை நியூட்ரல் ஒட்டியிருக்க எர்த் ரிலேயும் மூடுவது. தெருவின் நியூட்ரல் எங்காவது அறுந்தால் அக்கம்பக்கத்துக் கரண்ட் எல்லாம் அந்த ஒரு வீட்டு ராடைத் தேடி வரும். முதன்மை நியூட்ரல் திறந்ததற்கு அளவுச் சாட்சி கிடைக்காமல் எர்த் ரிலேக்குக் கட்டளை போகவே கூடாது.

எர்த் ரிலேயைச் சோதிப்பது எளிது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 20 மில்லி ஆம்பியரை ஒரு நொடி செலுத்தினால், மூடியிருக்கும்போது அழுத்தம் ஏறாது. கிரிட்டோடு இருந்து ரிலே திறந்திருக்கும்போது, 15 ஓம் வளையத்தில் 0.3 வோல்ட் ஏறும்.

ரிலேயே தரும் தடயங்கள்

ஒட்டும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. காயிலின் கரண்டை 1 ஓம் தடை வழியே வேகமாக அளந்தால், காயில் இழுக்கும் இரும்புத் துண்டான ஆர்மேச்சர் நகரும் கணத்தில் கரண்ட் கோட்டில் ஒரு சின்னப் பள்ளம் விழும். பள்ளம் இல்லையென்றால் கரண்ட் போனது, இரும்பு அசையவில்லை. பள்ளம் மாதத்துக்கு மாதம் தள்ளித் தள்ளி வந்தால் ரிலே களைத்துவருகிறது. திறக்கும் நேரத்தையும் இப்படிப் பதிவுசெய்யலாம், ஆனால் ஒரு எச்சரிக்கை: கரண்ட் ஓடும்போது திறந்தால் வில்தீ அடுத்த பூஜ்யம் வரை, அதிகபட்சம் 10 மில்லிவிநாடி, நீடிக்கும். கட்டளையை அலையின் ஒரே இடத்தில் கொடுக்காவிட்டால் அளவுகள் சிதறிக் கிடக்கும், ஒப்பிடவே முடியாது. எப்போதும் ஒரே அரைச்சுழற்சியில் திறந்தாலோ வெள்ளி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒருவழியாகப் பெயர்ந்து மேடும் குழியும் ஆகும். அரைச்சுழற்சியை மாற்றி மாற்றி எடுக்க வேண்டும்.

முதன்மை முனைகளோடு சேர்ந்து அசைந்து அவற்றின் நிலையைச் சொல்லும் துணைத் தொடுமுனையை நம்புவதாக இருந்தால் அது ஐஇசி 60947-4-1 சொல்லும் மிரர் (பிரதிபலிப்பு) தொடுமுனையாக இருக்க வேண்டும்: முதன்மை முனைகளில் ஒன்றாவது ஒட்டியிருக்கும்போது அது மூடவே முடியாதபடி இயந்திர அமைப்பு. சாதாரணத் துணைமுனை, உள்ளே முதன்மை ஒட்டியிருந்தாலும் "திறந்தது" என்று கூறிவிடும்.

மின்சாரம் இல்லாமலே நிலையைப் பிடித்து நிற்கும் லாச்சிங் ரிலேக்கள் பேட்டரியை மிச்சப்படுத்தும், ஆனால் கட்டுப்பாட்டு மின்சாரம் செத்தால் இருந்த நிலையிலேயே கிடக்கும். கடைசியாகத் திறக்க அவை ஒரு மின்தேக்கியை நம்பியிருக்கின்றன. 3 வாட் காயிலுக்கு 100 மில்லிவிநாடித் துடிப்பு 0.3 ஜூல், 12 வோல்ட்டிலிருந்து 9க்கு இறங்குவதற்குள் அதைத் தர 9,500 மைக்ரோஃபாரட் வேண்டும், ஒரு காயிலுக்கு. சூட்டில் ஆண்டுக்கணக்கில் வெந்த மின்தேக்கி பாதிதான் தரும். இந்த மின்தேக்கியின் கொள்ளளவையும் பெட்டி தானே சோதிக்க வேண்டும்.

கண்டுபிடித்தபின்

ஒட்டியது உறுதியானால் வீடு கிரிட்டோடு தொடரலாம், ஆனால் தனிநிலையைப் பூட்டிவிட வேண்டும். கிரிட் போனால் இன்வெர்ட்டர் முழுவதும் நிற்க வேண்டும். கிரிட் போனபின்னும் இன்வெர்ட்டர் தெருக் கம்பிக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருப்பதை (தீவாவதை) தடுக்கும் ஐஇசி 62116 சோதனையின் எல்லை 2 விநாடி, அது அப்படியே இருக்கட்டும். மூடாமல் போனது உறுதியானால் பேட்டரி உள்ளவரை வீடு தனியே ஓடலாம். பத்து விநாடி இடைவெளியில் மூன்று முறை முயல்வது நியாயம். லேசாக ஒட்டிய ரிலேயைத் தட்டித் தட்டித் திறக்க வைக்கும் மென்பொருளும் உண்டு. திறந்துவிட்டது என்பதற்காகப் பழுதை அழித்துவிடக்கூடாது. ஒரு முறை ஒட்டிய முனையின் பரப்பு கரடுமுரடானது, அடுத்த இடிமழையில் மறுபடி ஒட்டும். அந்தப் பதிவு ரிலே மாற்றும் வரை நிற்க வேண்டும்.

மறுபடி சேரும் தருணமும் ரிலேயின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஐஇஇஇ 1547 தரநிலை 500 கிலோவோல்ட் ஆம்பியர் வரையான அமைப்புக்கு 20 டிகிரி கட்ட வித்தியாசம் (இரு அலைகளின் முன்பின் விலகல்) வரை அனுமதிக்கிறது. 20 டிகிரியில் முனைக்குக் குறுக்கே 80 வோல்ட் நிற்கும். 5 டிகிரி வரை பொறுத்தால் 20 வோல்ட். சில விநாடி காத்திருப்பு வெள்ளியை மிச்சப்படுத்தும்.

இந்தப் பெட்டியைத் திறக்கும் வேலை எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவிடம் தகுதிச் சான்று பெற்ற வயர்மேனுக்கு உரியது. அவர் போகும்போது பழக்கத்தில் செய்யும் ஒரு தவறு, இணைப்பு இருந்தால் ஒலிக்கும் மீட்டர் பஸ்ஸரை வைத்துத் தொடுமுனையைச் சோதிப்பது. பஸ்ஸர் 30 ஓமிலும் ஒலிக்கும். 63 ஆம்பியரில் 0.2 மில்லி ஓம் முனை 0.8 வாட் சூடாகும். 5 மில்லி ஓமுக்குக் கெட்ட முனை 20 வாட், பெட்டியைக் கருக்கும். இரண்டுக்கும் பஸ்ஸர் ஒரே சத்தம்தான். நான்கு கம்பி முறையில் 10 ஆம்பியர் நேர்மின்சாரம் செலுத்தி முனையின் குறுக்கே மில்லிவோல்ட்டைப் பாருங்கள்: 2 மில்லிவோல்ட் என்றால் 0.2 மில்லி ஓம், 50 என்றால் மாற்றும் நேரம்.

அதற்கு முன் சோலார், பேட்டரி, மீட்டர் பக்க ஐசொலேட்டர் மூன்றையும் நிறுத்திப் பூட்டி, மின்தேக்கிகள் இறங்கும் வரை காத்திருந்து, தாழ்தடை முறை உள்ள மீட்டரால் இரண்டு பக்கமும் இறந்ததை உறுதிசெய்ய வேண்டும். சாதாரண மீட்டரின் 10 மெகா ஓம் தடை, பேய் அழுத்தத்தை உண்மைபோல் காட்டும். திருகுகளை முறுக்கு விசைக் கருவியால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குப் பாருங்கள். வெப்பக் கேமராவில் ஒரு முனை மற்றதைவிட 10 டிகிரி கூடுதலாகத் தெரிந்தால் பாதி நேரம் குற்றவாளி ரிலே அல்ல, தளர்ந்த திருகு. ஒரு கம்பியின் ஒரு ரிலே ஒட்டியிருந்தால் அதன் தொடர் ஜோடியையும் சேர்த்து மாற்றுங்கள். அதே ஷார்ட்டை அதுவும் தாங்கியிருக்கிறது. மாற்றியபின் பெட்டியைத் தனிநிலைக்கு அனுப்பி, நடுப்புள்ளி, நியூட்ரல், எர்த் ரிலே மூன்று சோதனைகளும் ஓடி முடிந்த பதிவைக் கையில் பார்த்த பிறகு மூடியைப் பூட்டுங்கள்.